டெல்மருக்குக் கொடுத்த தோட்டாப் பெட்டி

துவைத்த துணியை எடுத்து உதறினால் மற்ற வீடுகளில் சட்டைப் பொத்தான் விழும். எங்கள் வீட்டில் தோட்டாக் கூடு விழும். முப்பத்தெட்டு வருடமாக என் கணவன் ராய்ஸின் கால்சட்டைப் பைகளைத் துழாவிவிட்டுத்தான் இயந்திரத்தில் போடுகிறேன், அப்படியும் ஒன்றிரண்டு என்னை ஏமாற்றிவிடும். உள்ளே அது கடகடவென்று உருளும் சத்தம் கேட்டால் எனக்கு இப்போதெல்லாம் கோபம்கூட வருவதில்லை. இன்னொன்று விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பேன்.

கார் நிறுத்தக் கட்டிய கொட்டகையில் கார் நின்று வெகுகாலமாகிறது. ஓரத்தில் என் துணி இயந்திரம், அதற்குப் பக்கத்தில் மான்கறி வைக்கும் ஃப்ரீசர், மீதி இடமெல்லாம் ராய்ஸின் மேசை. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, கழுவி, அளவு சரிபார்த்து, புதிதாக வெடிமருந்து நிரப்பி, மேலே குண்டைச் செருகி, திரும்பவும் தோட்டாவாக்குவான். கடையில் கிடைக்காதா என்று கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை கேட்டேன். கடைத் தோட்டா எல்லாருக்கும் பொதுவாகச் செய்தது, இது என் துப்பாக்கிக்கென்று செய்தது என்று ஆரம்பித்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும் விளக்கினான். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் அவனுக்கு இதுதான் வேலை. மற்றவர்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், அவன் அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துக் கொடுப்பான். ஆயுதக் கிடங்கு சார்ஜென்ட். தன் கையிலிருந்து போன ஒரு துப்பாக்கிகூடச் சுடும்போது சிக்கிக்கொண்டதில்லை என்று சொல்லிக்கொள்வான். பெருமையடிக்கிறவன் இல்லை, இதை மட்டும் சொல்வான். ஈராக்கிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது காதுக்குள் ஓயாத ஒரு ரீங்காரமும், நல்ல தூக்கம் இல்லாத ராத்திரிகளும். விடிவதற்கு முன்னே எழுந்து, மாத்திரைகளை முழுங்கி, பெட்ரோல் பங்கில் நாலு கிழவர்களோடு காப்பி குடித்துவிட்டு வந்து அந்த மேசையில் உட்கார்ந்தால், அங்கேதான் அவன் முகம் கொஞ்சம் தளரும். அதனால்தான் நானும் அந்தக் கொட்டகையைச் சகித்துக்கொண்டேன்.

அந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான் மேசைமேல் இருக்கலாம். கைத்துப்பாக்கிக்குப் போடும் மருந்து சட்டென்று எரியும், ரைஃபிளுக்குப் போடும் மருந்து நிதானமாக எரியும். இரண்டும் சாம்பல் நிறம், இரண்டும் பார்க்கக் கசகசா மாதிரி. மாறிப்போனால் ரைஃபிள் முகத்திலேயே வெடிக்கும். மருந்தை அளந்து ஊற்றும் அளவை இயந்திரத்தில் மிச்சமிருக்கும் மருந்து எதுவென்று சின்னச் சந்தேகம் வந்தால்கூட அதைத் தோட்டத்தில் கொட்டிவிடுவான். என் தக்காளிச் செடிகள் அதைத் தின்றுதான் வளர்கின்றன என்று கேலி செய்வேன்.

இன்னொரு சட்டமும் உண்டு, அது ஊர் முழுக்க உள்ளது. இன்னொருத்தன் கையால் நிரப்பிய தோட்டாவைச் சுடக் கூடாது. அண்ணன் கொடுத்தாலும் கூடாது, அப்பன் கொடுத்தாலும் கூடாது. எங்கள் மொன்டானாப் பக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரனுக்கு வீட்டுச் சாவியைக் கொடுப்பார்கள், பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், அவன் நிரப்பிய தோட்டாவை மட்டும் வாங்க மாட்டார்கள்.

டெல்மர் ஒருத்தன்தான் விலக்கு. ராய்ஸோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவன். ரோட்டோரக் குண்டில் அவனுக்கு வலது கண் போனது. ஊருக்கு வந்து, இடது தோளில் துப்பாக்கியை வைத்து, இடது கண்ணால் குறிபார்க்க முதலிலிருந்து பழகினான். இப்போது அவன் விரல்களெல்லாம் முடக்குவாதம் வந்து முறுக்கிக்கொண்டுவிட்டன, தோட்டா நிரப்புகிற நுணுக்க வேலை முடியாது. அதனால் ராய்ஸ் நிரப்பிக் கொடுப்பான், டெல்மர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் வாங்கிச் சுடுவான். ஊர்த் துப்பாக்கி கிளப்பில் இதைப் பற்றி மற்றவர்கள் மரியாதையோடு பேசுவார்கள். ராய்ஸுக்கு அரசாங்கம் கொடுத்த பதக்கங்கள் ஒரு காலுறைக்குள் கிடக்கின்றன. டெல்மர் திறந்து பார்க்காமல் வாங்குகிறான் என்பதுதான் அவனுக்குப் பதக்கம்.

இனி நான் படும் பாட்டைச் சொல்கிறேன். இரண்டு வருடமாக ராய்ஸுக்கு ஞாபகம் நழுவுகிறது. முதலில் வார்த்தை, அப்புறம் பெயர், அப்புறம் வேலை. அவன் பாதியில் நிறுத்துகிற வாக்கியத்தை நான் முடிப்பேன். அவன் எங்கோ வைத்த தொப்பியை நான் முன்னாலேயே எடுத்து ஆணியில் மாட்டிவைப்பேன். யாராவது எதிரே வந்தால், "அடடே, கார்ல், எப்படியிருக்க?" என்று நான் முந்திக்கொண்டு பெயரைச் சொல்லிவிடுவேன், அவன் பிடித்துக்கொள்வான். ஒருத்திக்கு ஒரு மூளையே பெரும்பாடு, நான் இரண்டு மூளைக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். களைத்துப் போயிருந்தேன். போன மாதம் அவனுக்குத் தெரியாமல் படைவீரர் மருத்துவமனைக்குப் போன் செய்து, ஞாபகப் பரிசோதனைக்கு நாள் கேட்டுவைத்தேன்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் கறி எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். மேசைமேல் இரண்டு டப்பா இருந்தது. ராய்ஸ் அங்கே இல்லை, சமையலறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான்.

கறியை ஃப்ரீசர்மேல் வைத்துவிட்டு டப்பாக்களைத் தூக்கிப் பார்த்தேன். கைத்துப்பாக்கி மருந்து டப்பா போன வாரம்தான் திறந்தது, அது இப்போது லேசாக இருந்தது. ஆனால் இந்த வாரம் அவன் கைத்துப்பாக்கித் தோட்டா ஒரு கைப்பிடிதான் செய்திருந்தான், மேசையிலேயே கிடந்தன. ரைஃபிள் மருந்து டப்பாவைத் தூக்கினேன். அந்த மருந்து ஆறு மாதமாக எந்தக் கடையிலும் கிடையாது, அரை டப்பாதான் பாக்கி, இந்தப் போட்டிப் பருவத்தை எப்படி ஓட்டப்போகிறேனோ என்று தினமும் சாப்பாட்டில் புலம்பிக்கொண்டிருந்தான். அந்த அரை டப்பாவிலிருந்து தனக்கு ஒரு பெட்டி, டெல்மருக்கு ஒரு பெட்டி நிரப்பியாகிவிட்டது. அதற்கப்புறமும் டப்பா அரைக்கு மேலே கனத்தது. ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் பெருகவைத்தவர் எங்கள் கொட்டகைக்கு வந்துபோனதாகத் தெரியவில்லை.

இரண்டு டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

"ராய்ஸ், இது என்ன?"

"என்னன்னா? மருந்து டப்பா. முப்பத்தெட்டு வருஷமா பாக்குற, புதுசா கேக்குற."

"ரெண்டும் மேசைமேல இருந்துச்சு."

"எடுத்து வைக்க மறந்திருப்பேன்."

"இதைத் தூக்கிப் பாரு. அரை டப்பாதான் இருக்குன்னு அழுதுட்டிருந்தியே. ரெண்டு பெட்டி நிரப்பின அப்புறம் எப்படி ஏறிச்சு?"

அவன் டப்பாவைத் தூக்கிப் பார்த்தான். கையில் வைத்துக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் ஒன்று வந்துபோனதைப் பார்த்தேன். அது பயம். உடனே அதன்மேல் கோபத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா? நான் நிரப்பின தோட்டாவால இதுவரைக்கும் ஒருத்தனுக்கு நகக்கீறல் உண்டா?"

"இல்ல. இனிமே வந்துடக் கூடாதுன்னுதான் கேக்குறேன். செவ்வாய்க்கிழமை கைத்துப்பாக்கித் தோட்டா பண்ணிட்டிருந்த. அளவைக் குழாய்ல மிச்சமிருந்த மருந்தை எந்த டப்பால திருப்பி ஊத்துன?"

"எதுல இருந்து எடுத்தேனோ அதுலதான்."

"நிச்சயமா?"

"செவ்வாய்க்கிழமை உன்னோட கிளினிக்காரி கூப்பிட்டா." ரேடியோவை அணைத்தான். "பாட்டுப் போட்டுக் காத்திருக்க வெச்சா, ஒரு மணி நேரம். அப்புறம் வந்து, 'உங்க மனைவி ஞாபகப் பரிசோதனைக்கு நாள் கேட்டிருந்தாங்க'ன்னா. என் பொண்டாட்டி என் முதுகுக்குப் பின்னால எனக்குப் பைத்தியமான்னு பாக்க ஆள் வெச்சிருக்கா."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் நாள் கேட்டுவைத்ததற்கு வந்த போன்தான் அவனை மேசையிலிருந்து எழுப்பியிருக்கிறது. அந்தச் செய்தியோடு திரும்பப் போய் உட்கார்ந்திருக்கிறான். எந்த டப்பா, எந்த மருந்து என்றெல்லாம் அவன் தலைக்குள் எங்கே நிற்கும்? குற்ற உணர்ச்சிக்கு அப்போது நேரமில்லை. டெல்மருக்கு இருக்கிற ஒரே கண் எனக்கு முன்னால் வந்து நின்றது.

"என்னை அப்புறம் திட்டு. டெல்மருக்குப் பெட்டியைக் கொடுத்துட்டியா?"

"நேத்தே கொடுத்துட்டேன். சனிக்கிழமை போட்டி."

"இன்னைக்குக் குறி சரிபாக்கப் போவானே."

நான் டெல்மரைப் போனில் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. அவன் மனைவி லோர்னா இறந்துபோனதிலிருந்து அந்த வீட்டில் போனை எடுக்க ஆளில்லை. சுடுமைதானம் இருக்கும் பள்ளத்தில் சிக்னலும் கிடையாது.

"வா, போலாம்," என்றேன்.

"போய் என்ன சொல்றது?"

"உண்மையைச் சொல்லு."

"என்ன உண்மை? எனக்குத் தெரியும், அதெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீ போய் அவன்கிட்ட உளறினா, அப்புறம் அவன் என் கையால வாங்குவானா? ஒரு சந்தேகம் விழுந்தா முடிஞ்சுது, மார்லி. அதோட முடிஞ்சுது."

"கண்ணு போனா?"

"போகாது."

"சத்தியம் பண்ணு. உன் பேத்தி மேல பண்ணு."

அவன் கையிலிருந்த டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தான். நான் ட்ரக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். வண்டியைக் கிளப்பும்போது மறுபக்கக் கதவு திறந்தது.

"நீ ஓட்டுற லட்சணத்துக்கு அந்தச் சரளை ரோட்டுல கவுந்துடுவ," என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தான்.

ஏப்ரல் மாதக் காற்று ட்ரக்கைப் பக்கவாட்டில் தள்ளியது. வேலிகளின் அடியில் இன்னும் அழுக்குப் பனி கிடந்தது. எனக்கு ஓட்ட ஓட்டத் தூக்கம் வந்தது. பயத்தில் தூக்கம் வருமா என்று கேட்காதீர்கள், களைப்பு ரொம்ப நாள் சேர்ந்துவிட்டால் அப்படித்தான்.

பள்ளத்தில் இறங்கும்போதே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. ராய்ஸ் தலையை நிமிர்த்தினான். அவன் காது பாதி செத்த காது, ஆனால் துப்பாக்கிச் சத்தத்தில் மட்டும் ஏமாறாது.

"ரொம்பப் பலமா வெடிக்குது," என்றான் மெதுவாக.

தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக மேசைகள். கடைசி மேசையில் டெல்மர். நடுவில் கிளப் தலைவர் ட்வைட், பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், இன்னும் இரண்டு ஆட்கள். நாங்கள் காதுமூடியை மாட்டிக்கொண்டு போனோம். இப்போது வரும் காதுமூடிகளில் பேச்சு கேட்கும், வெடிதான் அமுங்கும்.

டெல்மர் எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

"வாங்கய்யா வாங்க! சார்ஜென்ட் சோதனைக்கு வந்துட்டாரு. மார்லி தாயே, நீயுமா? உலகம் முடியப்போகுதா என்ன?"

"எத்தனை சுட்ட?" என்றான் ராய்ஸ்.

"ரெண்டுதான். குறி பிரமாதம். ஆனா என் கை இருக்கே, இது போச்சுடா. ரெண்டாவது சுட்டதும் போல்ட்டைத் தூக்கவே முடியல. உள்ளங்கையால குத்தித் திறந்தேன். இந்த வருஷத்தோட நான் துப்பாக்கியை மூட்டைகட்ட வேண்டியதுதான் போல."

எனக்கே அது விளங்கியது என்றால் ராய்ஸுக்கு விளங்காமல் இருக்குமா? உள்ளே அழுத்தம் மிஞ்சினால்தான் தோட்டா அறையை மூடும் போல்ட் அப்படி இறுகும். நான் ராய்ஸின் முகத்தைப் பார்த்தேன். சொல்லு, சொல்லு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"டெல், அந்தப் பெட்டியைக் கொடு," என்றான் ராய்ஸ். "வேற குண்டு போட்ட பெட்டி ஒண்ணு இருக்கு. இதைவிட நல்லது. மாத்தித் தர்றேன்."

பொய் சொன்னான். முப்பத்தெட்டு வருடத்தில் அவன் துப்பாக்கி விஷயத்தில் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

"போடா, இதுவே ஒரே ஓட்டைல ரெண்டும் போகுது. இன்னொண்ணு சுட்டுட்டுத் தர்றேன், இரு."

"வேணாம் டெல், இப்பவே கொடு."

"என்னடா அவசரம்? மாட்டுக் கொட்டகை பத்தி எரியுதா?"

டெல்மர் மூன்றாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் போல்ட்டை மூடினான். குனிந்து இடது கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்தான். கண் குறிபார்க்கும் குழாய்க்குப் போனது. ராய்ஸின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கை பாதியில் நின்றுவிட்டது.

அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. "சீஸ் ஃபயர்", அதாவது சுடுவதை நிறுத்து என்று யார் கத்தினாலும், தலைவர் கத்தினாலும் சரி, வேடிக்கை பார்க்க வந்த குழந்தை கத்தினாலும் சரி, அத்தனை பேரும் அந்த நொடியே விரலை எடுத்துவிட வேண்டும். தோட்டாவை வெளியே எடுத்து, துப்பாக்கியைத் திறந்து வைத்து, பின்னால் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்து நிற்க வேண்டும். காரணத்தை எல்லார் முன்னாலும் சொன்ன பிறகுதான் யாரும் திரும்ப மேசைக்குப் போகலாம். காரணமில்லாமல் கத்தியவர் அந்த வருடம் முழுக்க உள்ளே வர முடியாது. இத்தனை வருடத்தில் நான் அங்கே வாய் திறந்தது காப்பி ஊற்றும்போது மட்டும்தான்.

"சீஸ் ஃபயர்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

டெல்மரின் விரல் விலகியது. போல்ட் திறந்தது, தோட்டா மேசையில் விழுந்து உருண்டது. மற்றவர்களும் துப்பாக்கிகளை வைத்துவிட்டு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். காற்று மட்டும் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

"யார் சொன்னது?" என்றார் ட்வைட்.

நான் கையைத் தூக்கப் போனேன். ராய்ஸ் என் கையைப் பிடித்து இறக்கினான்.

"நான் சொல்லியிருக்கணும். எனக்கு வாய் வரல, இவ சொன்னா. காரணம் என்னோடது."

"சொல்லுங்க, ராய்ஸ்."

ராய்ஸ் நேராக நின்றான். ராணுவத்தில் மேலதிகாரி முன்னால் நிற்பது போலக் கைகளைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றான். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"டெல்மர் பெட்டியில இருக்குற தோட்டாவுல என்ன மருந்து இருக்குன்னு எனக்குத் தெரியல."

ட்வைட் உதவி செய்யப் பார்த்தார். "எந்தக் கம்பெனியோடதுன்னு தெரியலையா? இல்ல அளவு சந்தேகமா?"

"இல்ல சார். ரெண்டு மருந்து கலந்துபோச்சுன்னு நினைக்குறேன். நினைக்குறேன், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை அந்த மேசையில உக்காந்து நான் என்ன பண்ணேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. வீட்டுலேருந்து இங்க வர்ற வரைக்கும் யோசிச்சுட்டு வந்தேன். ஒண்ணுமே இல்ல. அந்த இடம் காலியா இருக்கு."

மற்ற இரண்டு ஆட்களும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ட்வைட் தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டார். டெல்மர் மேசைக்குப் போய், சுட்ட இரண்டு கூடுகளையும் எடுத்து, வெளிச்சத்தில் கண்ணுக்கு அருகில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டாவது கூட்டின் அடிப்பக்கம் அழுத்தம் தாங்காமல் நசுங்கி வழவழவென்று ஆகியிருந்தது. அதை வெகுநேரம் பார்த்தான். ராய்ஸை அறையப் போகிறான் என்றே நினைத்தேன். அறைந்திருந்தாலும் தப்புச் சொல்ல மாட்டேன்.

"அப்போ என் கை இல்லையா?" என்றான் டெல்மர்.

"என்ன?"

"போல்ட் தூக்க முடியாதது. என் கைதான் செத்துப்போச்சுன்னு நினைச்சுட்டு, காலைலேருந்து அழுகை வராத குறையா உக்காந்திருந்தேன். கை நல்லாத்தான் இருக்குதா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. வந்து ராய்ஸின் சட்டைக் காலரைப் பிடித்தான். "முட்டாப் பயலே! ஏன்டா முன்னாடியே சொல்லல? பெட்டியை மாத்தித் தர்றேன்னு என்கிட்டயே கதை விடுற!"

"சொன்னா நீ அப்புறம் வாங்க மாட்டியே, டெல்."

"மாட்டேன்தான். இனிமே வாங்க மாட்டேன்." காலரை விட்டான். விட்ட இடத்தைத் தன் கோணல் விரல்களால் நீவிச் சரிசெய்தான். "போன நவம்பர்ல, காப்பி குடிக்கும்போது, லோர்னா எப்படியிருக்கான்னு என்கிட்ட கேட்ட. ஞாபகம் இருக்கா?"

ராய்ஸ் இல்லையென்று தலையாட்டினான்.

"அவளைப் புதைச்சு ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சு. நீதான் சவப்பெட்டியை முன்னால ஒரு பக்கம் பிடிச்ச. நீ கேட்டதும் எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நல்லாருக்கா, உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொன்னான்னு சொல்லிட்டேன். மேசையில இருந்த அத்தனை பேரும் ஆமாம்னு தலையாட்டினாங்கடா."

எனக்கு இது தெரியாது. நான் ஒருத்திதான் மூடி மறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். ஊரே சேர்ந்து எனக்குத் தெரியாமல் அதே வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. நன்றி சொல்வதா, எல்லாரையும் நிற்கவைத்துத் திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் என்னிடம் தெம்பு இல்லை.

ட்வைட் பெட்டியை மூடி ராய்ஸிடம் கொடுத்தார். "தோட்டாவைப் பிரிச்சுடுங்க. எல்லாத்தையும்," என்றார். ராய்ஸ் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். டெல்மர் ட்ரக் வரைக்கும் கூட வந்தான், எனக்குக் கதவைத் திறந்துவிட்டான், வண்டியின் தகரத்தின்மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

நான் சாவியைப் போட்டேன். திருப்பவில்லை.

"வேற என்ன?" என்றான் ராய்ஸ்.

"என்ன வேற?"

"டெல்கிட்ட லோர்னாவைக் கேட்டிருக்கேன். உன்கிட்ட என்னென்ன பண்ணேன்? சொல்லு."

"இப்பவா?"

"இப்பவே சொல்லு. அப்புறம் சொன்னா நான் மறந்துடுவேன்."

அவன் கிண்டலாகச் சொன்னானா என்று பார்த்தேன். இல்லை. அதனால் சொன்னேன். அடுப்பை எரியவிட்டுவிட்டு மீன் பிடிக்கப் போனதைச் சொன்னேன். தபால் ஆபீஸ் வாசலில் வண்டியை ஓடவிட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்ததை, நான் போய் எடுத்து வந்ததைச் சொன்னேன்.

"அப்புறம்?"

பேத்தியை அவன் செத்துப்போன தங்கையின் பெயரால் கூப்பிட்டதையும், குழந்தை பயந்துபோய் என்னிடம் ஓடிவந்ததையும், தாத்தா விளையாடுகிறார் என்று நான் சொல்லிவைத்ததையும் சொன்னேன்.

"அப்புறம்?"

கிறிஸ்துமஸ் அன்றைக்குக் குளியலறையில் நின்றுகொண்டு இது யார் வீடு என்று என்னைக் கேட்டதைச் சொன்னேன். இதை மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன். அவன் ட்ரக்கின் முன்கண்ணாடி வழியாகச் சுடுமைதானத்தையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"என்ன சொன்ன?"

"நம்ம வீடுன்னு சொன்னேன்."

"நான் நம்பினேனா?"

"சரின்னு சொல்லிட்டுப் பல்லு விளக்கப் போயிட்ட."

பெட்டி அவன் மடியில் இருந்தது.

"உனக்கு அலுத்துப்போயிருக்கும், மார்லி."

அதை யாராவது கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அவனிடமிருந்து சுத்தமாக எதிர்பார்க்கவில்லை.

"ஆமா, அலுத்துப்போச்சு. ரொம்ப அலுத்துப்போச்சு ராய்ஸ்," என்றேன். ஸ்டீயரிங்கில் தலையை வைத்து, வாய்விட்டு, மூக்கு ஒழுக, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அழுதேன். அம்மா செத்தபோதுகூட இப்படி அழவில்லை.

"சரி, நகரு," என்றான். எப்போது என் உடம்புக்கு முடியாமல் போனாலும் அவன் சொல்கிற வார்த்தை அது. "நகரு. நான் ஓட்டுறேன்."

கதவைத் திறக்கக் கைப்பிடியைப் பிடித்தான். பாதி திறந்த கதவு வழியாகக் காற்று உள்ளே வந்தது. அப்படியே நிறுத்தினான். அப்புறம் கதவை மெதுவாக இழுத்துச் சாத்திவிட்டுக் கையை எடுத்தான்.

"வேணாம்," என்றான். "நீ அழுது முடி. நான் காத்துட்டிருக்கேன்."